கதிர் விடும் முன் அறுத்த புல்

1. ஸ்கூட்டியில் வைத்த தூர்

வேலுச்சாமி அண்ணாச்சி அந்தப் புல் தூரைக் கொண்டுவந்து என் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். எறியவில்லை. வேரோடு, ஈரச் செம்மண்ணோடு, ஒரு பிள்ளையை இறக்கி வைப்பதுபோல வைத்தார். கோபம் அவ்வளவு பத்திரமாக இருந்தால் பயமாக இருக்கும்.

"எம்மா, இது உங்க புல்லுதான?"

கார்த்திகை மாதக் காலை. மேலநீலிதநல்லூருக்கு மேற்கே அவருடைய செவல் காட்டில் உளுந்து நாலு இலை விட்டிருந்தது. உளுந்துக்கு நடுவே, நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடக்கூடிய பச்சை. கொழுக்கட்டைப் புல்.

"ஆமா அண்ணாச்சி."

"உளுந்து வெதச்சேன், புல்லு மொளைச்சிருக்கு. மத்த களையெல்லாம் கையில வருது. இது வரமாட்டேங்கு. மம்பட்டி போட்டு வெட்டித்தான் எடுத்தேன். பாதாளத்துல எவன் கையப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கு இது?"

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி குரல் கொடுத்தாள்: "புல்லு மேடம், பொழுது சாயிறதுக்குள்ள உங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருங்க!" சிரிப்பு வரிசையாக ஓடியது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"போன சித்திரையில கோமதி கெடை போட்டா பாருங்க, அந்த எடத்துல மட்டுந்தான் இப்பிடி. அந்தால கெடக்க காட்டுல ஒண்ணு கூட இல்ல. வார சித்திரைக்கு அவ ஆடு இங்கன எறங்கப்படாது. நான் மட்டும் சொல்லல. சுத்துக்காட்டுக்காரன் பூராவும் சொல்லுதான்."

புல் வளர்க்கும் இந்தத் திட்ட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மானாவாரி நிலத்தை இங்கே காடு என்பார்கள். அறுப்பு முடிந்த காட்டில் இரவில் ஆடுகளை அடைத்துப் போடுவது கிடை. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். பதிலுக்கு ஆட்டுக்காரருக்குக் கூலி, ஆட்டுக்குத் தாள் மேய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணற்று மோட்டாரிலிருந்து தண்ணீர். கோடையில் கோமதியின் ஆடுகள் உயிரோடு இருந்தது அந்தத் தண்ணீரால்தான். கிடை இல்லையென்றால் அவள் ஆட்டை விற்க வேண்டும். விற்றால் கேரளாவில் பேக்கரி வேலை பார்க்கும் புருஷனிடம் போய்ச் சேர வேண்டும்.

அவள் போக விரும்பவில்லை. "அங்கன போயி நான் என்ன செய்ய? அந்த ஆளே நாலு பேரோட ஒரு ரூம்ல கெடாக்குட்டி மாதிரி அடைஞ்சு கெடக்காரு. நானும் போயி அடையவா?" என்பாள்.

காலுக்கடியில் அந்தத் தூரை வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டிப் போனேன்.

2. விதை உறங்கிய வருஷம்

நான் புல்லுக்கு வந்தது நாற்பதைத் தொடும் வயதில். அதற்கு முன்னால் சங்கரன்கோவிலில் தறிக்கூட ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, இன்சூரன்ஸ் என்று மாறிக்கொண்டே இருந்தேன். எந்த நாற்காலியிலும் அது சூடாகும்வரை நான் உட்காரவில்லை. வறட்சி தாங்கும் நாட்டுப் புல்லைத் தரிசுகளில் வளர்க்கும் திட்டம் ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. "ஃபீல்டுலதான் சுத்தணும், பரவாயில்லையா?" என்று ஆபீசர் கேட்டார். சுற்றத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

வேலை இரண்டு. ஆடு மாடு வைத்திருப்பவர்களின் தரிசில் கொழுக்கட்டைப் புல்லுக்கு மாதிரித் திடல், அதாவது பிளாட், போடுவது ஒன்று. அது கதிர் விட்டபின் விதை உருவி ஆபீசுக்கு அனுப்புவது இன்னொன்று. கான்ட்ராக்ட் புதுப்பிப்பு அந்த இரண்டாவதைப் பொறுத்தது.

கோமதியின் மாமனார் வழியில் வந்த சரளைத் தரிசு எனக்குக் கிடைத்த முதல் பிளாட். அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. சாக்கைப் பிரித்து விதையைக் காட்டினேன். கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சும், சொனை என்கிற ஒட்டும் மயிருமாக இருக்கும். காற்றில் தூவினால் தூவினவர் தலையில்தான் விழும்.

"இது என்ன மேடம், வெதையா, எலி ரோமமா?"

செம்மண்ணும் சாணியும் குழைத்து, விதையை அதில் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக் காய வைத்தோம். புரட்டாசி கடைசியில் தரிசு முழுக்கப் போட்டோம். உடைமுள் வெட்டி வேலி அடைத்தோம். ஐப்பசியில் மழையும் பெய்தது.

ஒன்றும் முளைக்கவில்லை.

தினமும் போய்க் குனிந்து பார்ப்பேன். உருண்டைகள் கரைந்து தரையோடு தரையாகிவிட்டன. கோமதி ஆடுகளை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "மேடம், உங்க புல்லு எந்த பஸ்ல வருது? திருநவேலியத் தாண்டிட்டா?" ஒருநாள் அப்படி. இன்னொரு நாள், "ஏறிட்டுன்னா போன் போடச் சொல்லுங்க, நான் முக்குக்குப் போயிக் கூட்டிட்டு வாரேன்."

ஆபீசருக்குப் போன் செய்தேன். "புதுசா அறுத்த விதையை அனுப்பிட்டாங்கம்மா. டார்மன்சி இருக்கும். ஒரு கோடை தாண்டணும்" என்றார்.

விதை உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் இப்போது எழும்பாது. ஈரம் வந்து தட்டினாலும் எழும்பாது. ஒரு முழு வெயில் காலத்தைப் படுத்தே கடந்தால்தான் எழும்பும். இதைக் கோமதியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. அந்தக் கோடை முழுவதும் வெற்றுத் தரிசைக் கடக்கும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்குவேன். கீழே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த வீட்டைக் கடப்பதுபோல.

3. அணில் வால் நிறம்

அடுத்த ஐப்பசியில் வந்தது. கேட்டுக்கொள்ளாமல், சொல்லாமல், தரிசு முழுவதும்.

இந்தப் புல்லைப் பற்றிப் புத்தகத்தில் இருப்பது இதுதான்: மழை குறைந்த இடத்தில் தாங்கும், வேர் ஆழம் போகும், ஒருமுறை பிடித்தால் வருஷக்கணக்கில் தழைக்கும், அறுக்க அறுக்கத் தூர் கட்டும். எல்லாம் உண்மை. அடித்தண்டு பருத்து முடிச்சாக இருப்பதால் கொழுக்கட்டை என்று பெயர் வந்தது என்றார்கள். கோமதி ஒரு தண்டைப் பிடுங்கி அடியைக் கடித்துவிட்டு, "இல்ல எக்கா, இனிப்பா இருக்கு பாருங்க, அதான்" என்றாள். மேடம் அன்றைக்கு எக்காவானது. நானும் கடித்தேன். லேசாக இனித்தது. அல்லது இனிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

புத்தகத்தில் இல்லாததையும் சொல்ல வேண்டும். தரிசின் கிழக்கு ஓரத்தில் ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்து ஓடும் ஒரு பள்ளம் இருந்தது. புல் வந்த வருஷம் அதில் தண்ணீர் நிறம் மாறிப் போனது. அதுவரை சிவப்பாக ஓடிய தண்ணீர் தெளிவாக ஓடியது. தாள் காய்ந்தபின் கோமதி அதை ஈன்ற ஆட்டுக்குப் படுக்கையாகப் போட்டாள். வீட்டுக் கன்றுக்குட்டிக்கு ஒரு கட்டு போகும். சுற்றிலும் எல்லாம் பழுப்பாகிவிட்ட தை மாதத்திலும் தூருக்குள் விரலை விட்டால் பச்சை இருக்கும். ஆடுகள் அந்தப் பச்சையை மூக்கால் தேடி எடுத்தன.

கதிர். அதை எப்படிச் சொல்வது? பூக்கும்போது கருஞ்சிவப்பு, முற்றும்போது அணில் வால் நிறம். தை மாதச் சாயங்காலத்தில் மேற்கு மலைப் பக்கமிருந்து வெயில் சாய்வாக வரும். தரிசு முழுக்க ஆயிரம் அணில்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் ஓடுவதுபோல இருக்கும். ஓடும், ஆனால் போகாது. நான் கதிர் உருவ வந்தவள். சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்பேன்.

"எக்கா, உருவுறியளா, இல்ல கல்யாணம் பண்ணப் போறியளா?" என்று கோமதி கத்துவாள்.

சாக்கு சாக்காக அனுப்பினோம். ஆபீசர் பாராட்டினார். உருவியபின் மிஞ்சிய புல்லில் ஆடுகளை விட்டோம். திட்டத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆனால் கையால் உருவி எல்லா விதையையும் எடுக்க முடியாது. மிஞ்சியதை ஆடு தின்றது. தின்றதில் கொஞ்சம் செரிக்காமல் புழுக்கையோடு போனது. கொஞ்சம் காலிலும் வயிற்று மயிரிலும் ஒட்டிக்கொண்டு போனது. சித்திரையில் ஆடு அண்ணாச்சி காட்டில் கிடைக்கு இறங்கியது. விதை அங்கே உரத்துக்குள் படுத்து, தன் கோடையை உறங்கி முடித்து, ஐப்பசி மழைக்கு உளுந்தோடு சேர்ந்து எழுந்தது.

4. ஏதாவது ஒன்று

ஸ்கூட்டியில் தூர் வைத்ததற்கு மறுநாளும் அண்ணாச்சியிடம் போனேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல புல்லுதான், நான் இல்லைன்னு சொல்லல. என் மாட்டுக்குப் போட்டேன், திங்கி. ஆனா அது நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும்லா?"

"என்ன செஞ்சா கெடைக்கு சம்மதிப்பிய அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "கதிர் முத்துன புல்ல மேஞ்ச ஆடு என் காட்ட மிதிக்கப்படாது. கதிர் விடுறதுக்கு முன்ன அறுத்துட்டியன்னா, அப்பொறம் பேசலாம். பேசலாம்னுதான் சொல்லுதேன். சரின்னு சொல்லல."

கோமதியின் தரிசில் அப்போது புல், தண்டுக்குள் கதிர் திரண்டு, பொதி தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் பூ வெளியே வந்துவிடும். பூ வந்த நேரத்தில் அறுத்தால் ஆட்டுக்கு நல்ல தீவனம், விதை கிடையாது. முற்றவிட்டால் ஆபீசுக்கு விதை, ஆடுகளுக்குக் கிடை கிடையாது. முற்றவிட்டு ஆட்டை மட்டும் உள்ளே விடாமல் இருக்கலாமே என்று தோன்றும். தையில் மற்ற இடமெல்லாம் காய்ந்தபின் ஆடு எங்கே போகும்? அந்தத் தரிசையே ஆட்டுக்காகத்தானே போட்டோம்.

ஆபீசருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"சீட் இல்லாம நான் மேல என்னம்மா காட்டுறது? நம்ம பிளாட்லயே நல்ல ஜெர்மினேஷன் அதுதான். அந்தம்மா ஆட்டை ரெண்டு மாசம் வேற எங்கயாவது மேய்க்கட்டுமே."

"தை மாசத்துல வேற எங்க சார் இருக்கு?"

"அது நம்ம திட்டத்துக்குள்ள வராதும்மா."

"ஆடு நம்ம திட்டத்துக்குள்ள வருதா சார்?"

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "முடிவு நீங்க எடுங்க. ஆனா கான்ட்ராக்ட் என் கையில இல்ல, தெரியும்ல?" என்றார்.

கோமதியிடம் போனேன். குட்டிகள் எட்டித் தின்ன இலைக் கொத்துகளைக் குழையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அறுக்கச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அறுத்தா உங்களுக்கு வேலை போயிரும்லா எக்கா?"

"போகலாம்."

"அப்போ விடுங்க. சவத்த, நான் வித்துட்டுப் போறேன். வெள்ளைப் பொட்டை ரெண்டையும் மட்டும் எங்கம்மா வீட்டுல விடணும். அதுக ரெண்டும் என் சத்தம் இல்லாம தண்ணி குடிக்காது."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு குழையை எடுத்துக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டியிருந்த குழை. அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"அருவா எத்தன இருக்கு வீட்டுல?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "ரெண்டு" என்றாள். முடிச்சை இறுக்கிவிட்டு, "ஒண்ணு மொட்டை" என்றாள்.

5. அறுப்பு

மொட்டை அரிவாள் எனக்கு.

முதல் பூ எட்டிப் பார்த்த காலையில் தொடங்கினோம். கருஞ்சிவப்பு நுனி, மேலே பனி. ஒவ்வொரு பிடியும் கையில் குளிர்ந்தது. அறுத்த புல்லுக்கு ஒரு வாசனை உண்டு. அதை இனிப்பு என்றும் சொல்ல முடியாது, கசப்பு என்றும் சொல்ல முடியாது. தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் நிற்கும். அன்றைக்கு என் கையிலிருந்து அது போகவில்லை. பிறகும் போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

"அடிய ஒட்டி அறுக்காதிய, ஒரு சாண் விடுங்க. தூரு செத்துரும்" என்று கோமதி பின்னாலிருந்து அதட்டினாள். எனக்குத் தெரியும். நான்தான் அவளுக்கு முதலில் சொன்னேன். ஆனாலும் அதட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு யாராவது என்னை அதட்ட வேண்டியிருந்தது.

கட்டு கட்டாக ஆடுகளுக்குப் போட்டோம். மிச்சத்தைக் காயவைத்துப் படப்பு போட்டாள். அறுத்த இடம் மறுபடி தழைத்து மறுபடி பொதி தள்ளியது. மறுபடி அறுத்தோம். இந்தப் புல்லிடம் பிடிவாதத்தைக் காட்டி ஜெயிக்க முடியாது, அதோடு கூடவே நிற்கத்தான் முடியும். தை முழுக்க, ஒரு கதிரும் முற்றாமல் பார்த்துக்கொண்டோம்.

அண்ணாச்சி காட்டில் முளைத்திருந்த தூர்களைக் கோமதியே மண்வெட்டியோடு போய் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லிக்கொண்டு போகவில்லை. சாயங்காலம் மோட்டார் ரூம் பக்கம் அந்தத் தூர்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும்.

அந்தத் தையில் நான் அணில் வால் நிறத்தைப் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்து வந்தது, மலைப்பக்கக் காற்றும் வந்தது. ஓட ஒன்றுமில்லாமல் கடந்து போயின.

6. புழுக்கை பார்த்தது

பங்குனி பாதியில் ஒரு காலை அண்ணாச்சி கோமதியின் ஆட்டுப் பட்டிக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். கான்ட்ராக்ட் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது, புதுப்பிக்கவில்லை. போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லாமலே போயிருந்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டிக்குள் குந்தினார். ஒரு பிடி புழுக்கை அள்ளி உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் நசுக்கி, ஊதினார். தூள் பறந்தது. மிஞ்சியதில் புல் விதை உண்டா என்று வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடுத்த பிடி. பட்டியின் இந்த மூலை, அந்த மூலை, நடு. கம்பு வாங்கும் வியாபாரி கையில் கொட்டிப் பார்ப்பானே, அதே முகம்.

கோமதி பட்டி வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பிடியில் அவர் கை நின்றது. எதையோ கிள்ளி எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார்.

"எம்மா, இங்க வாங்க. இது என்ன?"

குனிந்து பார்த்தேன். கடினமாக, பழுப்பாக, வழவழப்பாக ஒன்று. சொனை இல்லை.

"உடை நெத்து அண்ணாச்சி. உடைமரத்துக் காய் வெதை."

"நெசமாவா?"

"ஒடச்சுப் பாருங்க."

அவர் பல்லில் வைத்துக் கடித்தார். புழுக்கையிலிருந்து எடுத்தது என்பது கடித்தபிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். துப்பினார். கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதட்டி. உடைதான். உடைக்கு நான் எவன்ட்டப் போயிச் சண்டை போட? ஊரு பூரா நிக்கி." எழுந்து கையைத் தட்டினார். "சித்திர பொறந்ததும் கெடைய எறக்கு. மொதல்ல கெணத்துக்குக் கிட்ட, பொறவு தெக்க. வருசா வருசம் நான் வந்து பாப்பேன், பாத்துக்கோ."

"ஊதித்தான பாப்பிய அண்ணாச்சி? கடிக்க மாட்டியள்லா?" என்றாள் கோமதி.

"ஏ சவமே!" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் முதுகும் சிரித்தது.

7. கரிவலம் ரோட்டில்

இப்போது நான் சங்கரன்கோவிலில் ஒரு உரக்கடையில் இருக்கிறேன். நாற்காலியில்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "புல்லுக்கு மருந்து இருக்காம்மா?" இருக்கிறது. களைக்கொல்லியை எடுத்துக் கொடுக்கிறேன். எந்தப் புல் என்று கேட்பேன். "புல்லுதாம்மா, புல்லுல என்ன சாதி" என்பார்கள். கேட்பதை நான் நிறுத்தவில்லை.

கோமதி ஆட்டோடு இருக்கிறாள். போன் செய்வாள். "எக்கா, இந்த வருசமும் பூவுலயே அறுத்தாச்சு." நான் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொள்கிறேன். போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடாது.

புல் திட்ட வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நல்ல புல், கெட்ட புல் என்று உங்களுக்கு வகுப்பில் பிரித்துச் சொல்லியிருப்பார்கள். விதைப்பதற்கு முன்னால், இது எதன் வயிற்றில் ஏறி, எந்தப் பாதையில் நடந்து, யாருடைய காட்டில் போய் இறங்கும் என்று விசாரியுங்கள். அந்தக் காட்டுக்காரரிடம் முதலில் ஒரு டீ குடியுங்கள். பிளாட் பிறகு போடலாம்.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம். ரோட்டுச் சரிவில் யாரும் விதைக்காத கொழுக்கட்டைப் புல் முற்றிய கதிரோடு நின்றது. வெயில் சாய்ந்த நேரம். அதே நிறம். "எறங்கணும், எறங்கணும்" என்று எழுந்துவிட்டேன். "ஸ்டாப் இல்லம்மா இங்கன" என்று கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் அடித்தார்.

பட்டுச் சேலையோடு சரிவில் இறங்கினேன். ஒரு கதிரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அடியிலிருந்து நுனிக்கு உருவினேன். விதை கைக்குள் வந்தது. பஞ்சு, சொனை, எடையே இல்லை. இன்னொரு கதிர். இன்னொன்று. கை நிறைந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய உளுந்து. இந்தப் பக்கம் இன்னொருவருடைய மக்காச்சோளம். காற்று இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தது.

கையைத் திறக்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை மூடியபடியே நின்றேன். டிக்கெட்டுக்கு மற்றக் கையால் பர்ஸைத் திறந்தேன்.

"கையில என்னம்மா?" என்றார் இந்தக் கண்டக்டர்.

"புல்லு வெதை" என்றேன்.

"எங்க போடப் போறிய?"

தெரியவில்லை என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார், பறந்துவிடக் கூடாதென்று.